மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன்

எங்கள் ஊருக்குத் தேர்தல் வருவது முதலில் சுவர்களுக்குத்தான் தெரியும். வேட்பாளர் யார் என்று சென்னையில் முடிவாவதற்கு முன்பே கட்சிக்காரர்கள் வெள்ளைச் சுவராகப் பார்த்துத் தங்கள் கட்சிப் பெயரை எழுதிவைத்துவிடுவார்கள், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. உத்திரமேரூரில் இருந்து திருப்புலிவனம் போகிற சாலையில் இருந்தது எங்கள் ஊர். மொத்தமே நாலு தெரு. நல்ல சுவர் என்று பார்த்தால் பத்துகூடத் தேறாது.

நான் ஆறாவது படிக்கும்போது ஒரு நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. அப்பா ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். எதிர்வீட்டுப் பெரியப்பா, அதாவது அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன், இன்னொரு கட்சியின் கிளைச் செயலாளர். அதற்கு முந்தைய தேர்தலில் இரண்டு கட்சியும் ஒரே கூட்டணி. அப்போது இரண்டு பேரும் ஒரே வண்டியில் மைக் கட்டிக்கொண்டு போனார்கள். ஒரே சுவரில் இரண்டு கொடியையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தார்கள். இந்த முறை தொகுதிப் பங்கீட்டில் கசப்பு என்று பேப்பரில் வந்தது. பெரியப்பாவின் கட்சி அந்தப் பக்கம் போய்விட்டது. மறுநாள் காலையில் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு மோர் கொடுத்தனுப்பவில்லை. சென்னையில் நடந்த பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது அந்த மோரால்தான்.

அந்த வருஷம் கெடுபிடி அதிகம். வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த சம்மதக் கடிதம் இல்லாமல் சுவரில் சின்னம் வரைந்தால் வழக்கு என்று சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கு எழுத்து கோணல்மாணலாக வரும். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று வீட்டில் எல்லோருக்கும் பெருமை. ஆகவே ஒரு சனிக்கிழமை மத்தியானம் கோடு போட்ட தாள்களை என் முன்னால் வைத்தார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "மேற்படி கட்சியினர் எனது வீட்டுச் சுவரில் தேர்தல் விளம்பரம் எழுதிக்கொள்ள மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன்." மனப்பூர்வமாக என்ற சொல்லை அன்றுதான் முதல்முறை எழுதினேன். அது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒன்பது தாளில் ஒன்பது தடவை எழுதினேன்.

"என் பொண்ணு எழுத்துக்கே பத்து ஓட்டு உழும்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அம்மா, "அவ பரீட்சைக்குப் படிக்கட்டும், உட்டுடுங்க" என்றாள். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. நானும்தான்.

எட்டு வீட்டில் அப்பாவே போய்க் கையெழுத்து வாங்கிவிட்டார். ஒன்பதாவது வீட்டுக்கு மட்டும் என்னை அனுப்பினார். அது சத்துணவு அத்தையின் வீடு.

அவர் எங்களுக்கு உறவு இல்லை. எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கிற இடத்தில் உதவியாளராக இருந்தார். பிள்ளைகள் எல்லோருக்கும் அத்தை. எட்டாவது வரைக்கும் படித்தவர். பருப்பு வந்த பொட்டலத் தாளைப் பிரித்து நீவி, அதில் இருக்கிற பழைய செய்தியை எங்களுக்கு ராகம் போட்டுப் படித்துக் காட்டுவார். பதிவேட்டில் தினமும் இனிஷியலோடு கையெழுத்துப் போட்டு, அடியில் ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி வைப்பார். ஹெட்மாஸ்டர் கையெழுத்தில்கூட அத்தனை அழகு கிடையாது. அவர் கணவர் கரும்பு லோடு ஏற்றும்போது விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுத்திருந்தார். வீடு பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வீடு என்பதால், உலை கொதிக்கிற நேரத்தில் ஓடிப்போய் அவரைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு ஓடிவருவார். அந்த வீட்டின் பக்கச் சுவர் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நீளமாக இருந்தது. ஊரிலேயே பெரிய சுவர்.

"மத்ததெல்லாம் இல்லாட்டியும் பரவால்ல, அந்தச் செவுரு வந்தே ஆவணும். நான் போனா இல்லேம்பா. நீ போய்க் கேளு, உனக்கு இல்லேங்க மாட்டா" என்றார் அப்பா.

நான் போனபோது அத்தை பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கணவரைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போவதற்காக ஆட்டோவுக்குச் சொல்லியிருந்தார். தாளை வாங்கிப் படித்தார். "எழுத்து ஜோரா கீது பாப்பா" என்றார். பிறகு மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"போன தபா உங்க நைனாவும் பெரியப்பாவும் ஒண்ணா வந்தாங்க, ஒண்ணா எழுதிக்கினு போனாங்க. ஒரு பேஜாரும் இல்ல. இப்ப ஆளுக்கு ஒரு பக்கம் நிக்கறாங்க. நான் கவர்மெண்டு சம்பளம் வாங்கறவ. யாருக்குக் குடுத்தாலும் இன்னொருத்தர் என் சோத்துல கைய வெப்பாரு. காலைல உங்க பெரியப்பா வந்து கேட்டாரு, அவருக்கும் இல்லேன்னுட்டேன். இந்த தபா செவுரு வெள்ளையாவே கெடக்கட்டும்னு நைனாகிட்ட சொல்லு, இன்னா?"

நான் தலையை ஆட்டினேன். அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை என்று இப்போது சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. நன்றாகப் புரிந்தது.

ஆனால் வீட்டுக்குப் போய் அதை அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'உனக்கு இல்லேங்க மாட்டா' என்று அவர் நம்பி அனுப்பிய ஆள் நான். அப்பா தெருவில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். கூடத்து மேசைமேல் கட்சி முத்திரையும் ஊதா மைத்திண்டும் இருந்தன. அத்தையின் கையெழுத்தைப் போல எனக்குப் போட வராது. அந்தக் கோடும் புள்ளியும் வரவே வராது. கைநாட்டு என்றால் யாருடையதாகவும் இருக்கலாம் என்று தோன்றியது. என் கட்டைவிரலைத் திண்டில் அழுத்தித் தாளில் உருட்டினேன். ரேஷன் கடையில் கிழவிகள் உருட்டுவதைப் பார்த்திருந்தேன்.

அப்பா வந்து தாளை வாங்கி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார்.

"கைநாட்டா?"

"ம்."

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மற்ற எட்டுத் தாளோடு சேர்த்து வைத்துக் கிளிப் போட்டார். அவருக்குத் தெரிந்திருக்குமா என்று பதினைந்து வருஷமாக யோசிக்கிறேன். தெரிந்திருக்கும் என்று நினைத்தால் அவர்மேல் கோபம் வருகிறது. அந்தக் கோபம் எனக்கு ஆறுதலாகவும் இருக்கிறது. அதனாலேயே அப்படி நினைக்கக் கூடாது என்று என்னை நானே தடுத்துக்கொள்கிறேன்.

என் மகளுக்கு ஆறு வயது. போன மாதம் அவள் வீட்டுப்பாட நோட்டில் சிவப்புப் பேனாவால் தானே ஒரு 'குட்' போட்டுக்கொண்டு, மிஸ் போட்டார் என்று காட்டினாள். நான் அவளை அடித்துவிட்டேன். இதுக்குப் போயா இப்படி என்று என் கணவர் கேட்டார். குழந்தைகள் எல்லாம் செய்வதுதானே என்றார். ஆமாம், எல்லாம் செய்வதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை ஊரில் இல்லாதபோதே பெயின்டர்கள் வந்து அந்தச் சுவரில் எங்கள் சின்னமான குடையை வரைந்துவிட்டார்கள். நீலக் குடை. ஆள் உயரத்துக்குமேல் இருந்தது. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அழகாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் பள்ளி விடுகிற நேரத்தில் ஒரு வெள்ளை ஜீப் வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றது. தேர்தல் அதிகாரி ஒருவர், வீடியோ கேமராக்காரர் ஒருவர், போலீஸ்காரர் ஒருவர். பெரியப்பாதான் புகார் கொடுத்திருந்தார். அவருக்குக் கோபம் வந்ததில் நியாயம் உண்டு. சனிக்கிழமை காலையில் தனக்கு இல்லை என்ற சுவர், ஞாயிற்றுக்கிழமை தம்பி கட்சியின் குடையோடு நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது? அப்பாவையும் வரவழைத்திருந்தார்கள். பாதி ஊர் கூடிவிட்டது. பையை மாட்டிக்கொண்டு நானும் கூட்டத்தில் நின்றேன். வலது கையைப் பாவாடை மடிப்புக்குள் வைத்திருந்தேன். ஊதா மை இரண்டு நாளாகத் தேய்த்தும் போகவில்லை.

அத்தை அன்று காலைதான் ஆஸ்பத்திரியில் இருந்து வந்திருந்தார். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"கள்ளக் கடுதாசி சார்" என்றார் பெரியப்பா. "அந்தம்மா யாருக்கும் தரமாட்டேன்னு என்கிட்ட சொன்னாங்க. நீங்களே கேளுங்க."

அதிகாரி கோப்பில் இருந்து தாளை எடுத்தார். "நீங்க கொடுக்கலைன்னா பயப்படாம சொல்லுங்கம்மா. எழுதினவங்க மேல வழக்குப் போடலாம்."

அத்தை தாளைக் கையில் வாங்கினார். படித்தார். உதடு அசையாமல் படித்ததால் மற்றவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. பள்ளிக் கரும்பலகையில் 'இன்று சாப்பிடுவோர்' என்று நான் தினமும் எழுதுகிற எழுத்து அது. அதைப் பார்த்துத்தான் அவர் அரிசி அளந்து போடுவார். தாளில் இருந்து தலையைத் தூக்கிக் கூட்டத்தில் தேடினார். அவர் பார்வை அப்பாவைத் தாண்டி, அம்மாவைத் தாண்டி, என்னிடம் வந்து நின்றது. என் முகத்தை அல்ல, என் வலது தோளில் இருந்து கீழே, பாவாடை மடிப்பு வரைக்கும் பார்த்தார்.

"நான்தான் சார் குடுத்தேன்" என்றார்.

"இது உங்க கைநாட்டா?"

"ஆமா சார்."

"இவ்வளவு சின்னதா இருக்கே?"

"பாத்திரம் தேச்சித் தேச்சி வெரலு தேஞ்சிடுச்சி சார்."

கூட்டம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். பெரியப்பா மட்டும் விடவில்லை.

"கைநாட்டா? பள்ளிக்கூட நோட்டுல தெனம் கையெழுத்துப் போடறவ சார் இவ! எட்டாங் கிளாஸு படிச்சவ!"

சிரிப்பு நின்றது. அதிகாரி அத்தையைப் பார்த்தார். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். 'நான்' என்று ஆரம்பித்திருந்தால் போதும், மீதியை யாராவது முடித்திருப்பார்கள். நான் பேசவில்லை.

"எட்டாங்கிளாஸெல்லாம் சும்மா சொல்லிக்கறது சார்" என்றார் அத்தை. "எனக்குப் படிக்கத் தெரியாது. நோட்டுல பேரு மட்டும் பாத்து வரைவேன்." கையில் இருந்த தாளைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்தார்.

அதிகாரி அதை ஒரு வாக்குமூலமாக எழுதி, அதிலும் கைநாட்டு வைக்கச் சொன்னார். போலீஸ்காரர் மைத்திண்டை நீட்டினார். அத்தை குனிந்து வைத்தார். பெரிய, அகலமான கட்டைவிரல். நடுவில் வெட்டுக்காயத் தழும்பு வெள்ளையாக விழுந்தது. அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "சரி" என்று மட்டும் சொல்லிக் கோப்பை மூடினார். கேமரா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் சாப்பாட்டு வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றேன். அத்தை என் தட்டில் சோறு போட்டார், முட்டை வைத்தார். எல்லோருக்கும் வைத்த மாதிரிதான். நான் நகரும்போது, "கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் தேச்சிப் பாரு பாப்பா, போயிடும்" என்றார். அந்த விஷயமாக அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து தேய்த்தேன். போய்விட்டது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ஊர் அவரை விடவில்லை. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிற ஆட்கள் அவர் போகும்போதெல்லாம், "இன்னா கைநாட்டு, உப்பு பாக்கெட்டையும் சக்கர பாக்கெட்டையும் எப்பிடி கண்டுபுடிக்கற, நக்கிப் பாத்தா?" என்று கேட்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே போவார். பொட்டலத் தாளை எங்களுக்குப் படித்துக் காட்டுவது நின்றுபோனது. யாராவது கேட்டால், "எனக்கு எங்க படிக்கத் தெரியும்?" என்பார். கேட்டவர்கள் பிள்ளைகள்தான் என்றாலும் அப்படித்தான் சொன்னார். சொன்ன பொய்யை அவர் ஒழுங்காகக் காப்பாற்றினார்.

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரசு சம்பளம் வாங்குகிறவர் ஒரு கட்சிக்குச் சுவர் கொடுத்தார், அதிகாரியிடம் மாற்றிப் பேசினார் என்று மேலே அறிக்கை போயிருந்தது. அவரைத் திருமுக்கூடல் பக்கத்தில் ஒரு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். கணவரின் கைக்கு எட்டுகிற தூரத்தில் சோற்றையும் தண்ணீரையும் வைத்து, கதவைச் சாத்திவிட்டு இருட்டோடு கிளம்புவார். எங்கள் ஆள் எம்.பி. ஆகியிருந்தார். அப்பா ஒரே ஒருமுறை அவரைப் பார்க்கப் போனார். சத்துணவெல்லாம் மாநில அரசு விஷயம், அங்கே நம் ஆட்சி இல்லையே என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அடுத்து சட்டமன்றத் தேர்தல் வந்தது. சென்னையில் மறுபடியும் சால்வை போட்டுக்கொண்டார்கள். பெரியம்மா மோர் கொடுத்தனுப்பினாள். பெரியப்பாவும் அப்பாவும் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரே பாயில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார்கள். அந்தப் பழைய சண்டையைப் பேசிச் சிரித்தார்கள். "வெரலு தேஞ்சிடுச்சின்னாளே பாரு!" என்று பெரியப்பா சொன்னபோது அப்பாவுக்குப் புரையேறியது. நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். வெட்கப்படத் தெரிந்த வயதுதான். அப்போதும் பேசவில்லை. அந்தக் கூட்டணி ஆட்சியைப் பிடித்தது. அத்தையின் மாறுதலைத் திருப்புவது பற்றி இரண்டு செயலாளர்களில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. அவர் ஓய்வு பெறும்வரை அந்தப் பள்ளியிலேயே இருந்தார்.

ஆனால் அதையெல்லாம்விட, அந்த நாடாளுமன்றத் தேர்தலின் முடிவு வந்த நாளைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

கோடை விடுமுறை. காலையில் இருந்து டிவி முன்னால் அப்பாவின் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் இரண்டு சுற்றில் பின்னால் இருந்தோம். பெரியப்பா வீட்டில் இருந்து விசில் சத்தம் கேட்டது. மத்தியானத்துக்குமேல் ஒவ்வொரு சுற்றாக ஏறி, சாயங்காலத்துக்குள் ஜெயித்துவிட்டோம். எங்கள் ஊர் வாக்குச்சாவடியில் மட்டும் பெரியப்பா கட்சிக்குத்தான் அதிக ஓட்டு என்று பிறகு தெரிந்தது. அத்தனை பெரிய குடை வரைந்தும் அப்படி. அன்று அதை யார் கவனித்தார்கள்? பட்டாசு வெடித்தது. அப்பா டப்பா டப்பாவாக லட்டு வாங்கிவந்தார். நான் இரண்டு லட்டுகளைத் தாளில் சுற்றிக்கொண்டு அத்தை வீட்டுக்கு ஓடினேன்.

அவர் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். எழுதியவர்கள் யாரும் வந்து அழிக்கவில்லை. ஏற்கெனவே ஒரு பூச்சு அடித்திருந்தார். அதற்குள்ளிருந்து நீலம் மங்கலாகத் தெரிந்தது. அதன்மேல் இரண்டாவது பூச்சு.

"அத்த, நாமதான் ஜெயிச்சோம்!"

"அப்டியா கண்ணு?"

அவர் இரண்டு கையும் சுண்ணாம்பாக இருந்தது. வாயைத் திறந்தார். நான் எக்கி லட்டை ஊட்டினேன். "இனிப்பு தூக்கலா கீது" என்றார். மென்று முடித்துவிட்டு, "ஜூன்ல வேற ஒருத்தங்க சமைக்க வருவாங்க. எத்தினி பேரு துன்றாங்கன்னு போர்டுல சரியா எழுதிடு பாப்பா. கம்மியா எழுதினா கடைசில நிக்கற புள்ளைங்களுக்குச் சோறு பத்தாது" என்றார்.

"நீங்க வரமாட்டீங்களா?"

"எனக்கு வேற ஊரு போட்டுட்டாங்க. பஸ்ல போவணும்."

எனக்கு அப்போது பஸ் என்றால் உயிர். வருஷத்துக்கு இரண்டு தடவை காஞ்சிபுரம் போவதோடு சரி. "தெனமுமா? ஜன்னலாண்ட சீட்டு கெடைக்குமா அத்த?" என்று கேட்டேன்.

அவர் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்தார். "கெடைக்கும் பாப்பா. அஞ்சர மணி வண்டி, காலியாதான் வரும்."

நான் வீட்டுக்கு ஓடிவந்தேன். அம்மா அடுப்பங்கரையில் இருந்தாள். அப்பா அங்கேயே கீழே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். வெளியே அவர் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, அத்தைக்கு பஸ்ல போற வேல கெடச்சிருக்கு! நாம ஜெயிச்சதாலதான?"

அம்மாவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா பாதிக் காபியை அப்படியே தரையில் வைத்தார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் கொல்லைப்புறமாக வெளியே போனார். அங்கே இன்னும் பட்டாசு வைத்திருக்கிறார் போலும், அதை எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் அவர் பின்னாலேயே ஓடினேன்.